கோட்டில் நின்ற பந்து

கோயில் தேருக்கு வராதவர்கள்கூடக் காற்பந்து ஆட்டத்துக்குத் தவறாமல் வந்துசேரும் நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதை ஆண்ட கோமளவர்மனுக்கும் அந்த ஆட்டத்தின் மேல் உயிர். விதிகள்தான் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஓடக்காரர்களும் குதிரை லாயத்தாரும் மோதினார்கள். ஓடக்காரர்கள் ஒரு புள்ளி முந்தியிருந்தபோது, லாயத்தார் உதைத்த பந்து இரு கம்பங்களுக்கும் நடுவே உருண்டுபோய்க் கோட்டின் மேல் நின்றது. நடுவர் ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். “உள்ளே போகவில்லை” என்று சொல்லிச் சங்கை ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார்.

லாயத்து அணி சேனாதிபதி வல்லபராயரின் அணி. மறுநாள் அவர் சபையில் எழுந்தார்.

“அரசே, வென்றது ஓடக்காரர்களின் கால் அல்ல, ஆவுடையப்பனின் வாய். ஒருவன் சொல்லால் வெற்றி தோல்வி முடிவாவது நீதியா?”

மன்னன் யோசித்தான். பந்து உள்ளே போனதைத் தானே பார்த்ததாக நினைத்தான். ராணி ‘பந்து உள்ளே போகவில்லை’ என்றதும் போகாததையும் பார்த்தது போலவே இருந்தது. தலை சுற்றியது. அந்தக் குழப்பத்திலேயே, சேனாதிபதி நீட்டிய ஓலையில் முத்திரை வைத்தான். ‘எவர் சொல் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கிறதோ, அவருக்கு ஓராண்டுச் சிறை.’ ஆவுடையப்பனை அப்போதே கொண்டுபோனார்கள்.

விகடகவி மருதையன் மட்டும் வாய் திறந்தான். “அரசே, நடுவர் இல்லாமல் அதே அணிகள் இன்னொரு முறை ஆடட்டும். உண்மையான வெற்றி தானாகத் தெரிந்துவிடும்.”

மருதையன் மேல் மன்னன் வைத்திருந்த பிரியம் சேனாதிபதிக்கு நெடுநாளாக உறுத்தல். “தெரியாவிட்டால் இவரும் ஆவுடையப்பனோடு சிறையில் இருக்கட்டும்” என்றார்.

“சம்மதம்” என்றான் மருதையன்.

மறுநாள் காலை ஆட்டம் தொடங்கியது. முதல் உதையிலேயே பந்து எல்லைக்கு வெளியே போனது.

“எங்க பந்துய்யா. உன் கால்ல பட்டுத்தான் போச்சு.”

“என் கால்ல எங்க பட்டுச்சு? நான் அங்க நிக்கவே இல்லையே.”

இது தீரவே ஒரு நாழிகை ஆயிற்று. உச்சிப்பொழுதில் லாயத்தார் தாங்கள் ஒன்பது போட்டதாகச் சொன்னார்கள். ஓடக்காரர்கள் பதினொன்று என்றார்கள். ஒருவர் போட்டதில் ஒன்றைக்கூட மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. மன்னன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு முறை நான்கு வந்தது, மறுமுறை பதினாறு வந்தது.

“ஆட்டம் எப்போது முடியும்?” என்று கேட்டான்.

“முடிந்தது என்று சொல்ல ஆள் இல்லையே, அரசே” என்றான் மருதையன்.

பொழுது சாயத் தொடங்கியது. முதலில் வெளியேறுபவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்பதால் ஒருவரும் களத்தை விட்டு நகரவில்லை. கால் வலித்தவர்கள் உட்கார்ந்தபடியே உதைத்தார்கள். மன்னனுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவன் பொறுமை இழந்து எழுந்தான்.

“போதும். லாயத்தார் கடைசியாக உதைத்தது வெளியேதான் போனது, நானே பார்த்தேன். வெற்றி ஓடக்காரர்களுக்கு. ஆட்டம் முடிந்தது.”

சேனாதிபதி தன்னை மறந்தார். “அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் கோடு தெரியுமா? மன்னரின் ஒரு சொல்லால் எங்கள் வெற்றி போயிற்றே.”

மருதையன் மன்னன் முத்திரை வைத்த அந்த ஓலையை மடியிலிருந்து எடுத்து, எல்லாரும் கேட்க நிதானமாகப் படித்தான். பிறகு பணிவாகக் கேட்டான்.

“அரசே, ஆவுடையப்பன் அறைக்குப் பக்கத்து அறையைத் தங்களுக்காகப் பெருக்கி வைக்கச் சொல்லட்டுமா?”

மன்னன் விழித்தான். ஓலையைப் பார்த்தான், சேனாதிபதியைப் பார்த்தான். சேனாதிபதி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருதையா, நேராகச் சொல். நடுவரின் சொல் முடிவைத் தீர்மானிக்கிறதா, இல்லையா?”

“தீர்மானிக்கிறது, அரசே. அதற்காகத்தானே அவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்?”

மன்னன் ஓலையை வாங்கிக் கிழித்துப் போட்டான். ஆவுடையப்பனை அழைத்து வரச் சொன்னான். வந்தவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து மெல்லக் கேட்டான்.

“எனக்கு மட்டும் சொல்லுங்கள். அன்றைக்குப் பந்து உண்மையில் உள்ளே போனதா?”

“போகவில்லை என்றுதான் கண்டேன், அரசே. ஆனால் சிறையில் ஒவ்வொரு காவலராக வந்து கேட்கக் கேட்க, இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.”

மன்னன் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். ஓடக்காரர்களும் லாயத்தாரும் உட்கார்ந்த இடத்திலேயே சேர்ந்து சிரித்தார்கள். மன்னன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டான். ஆவுடையப்பனுக்குப் புதுச் சங்கும் பட்டும் கொடுத்தான். பிறகு, சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டே பல்லக்கில் ஏறினான்.