கரடி சட்டியில் போட்டது

குளத்தங்கரை நாவல் மரத்தில் ஒரு மைனா இருந்தது. தினமும் காலையில் உச்சிக் கிளையில் உட்கார்ந்து ஒரு சமையல் குறிப்பைப் பாடும். காடே கீழே கூடித் தலையாட்டும். மைனா ஒரு நாளும் அடுப்புப் பற்ற வைத்ததில்லை. அதைப் பற்றி யாரும் கேட்டதுமில்லை.

அன்று தினை உருண்டை.

"தினை, தேன், எள்! இடித்துப் பிடித்தால் இனிக்கும் பார்!" என்று பாடியது மைனா.

கரடிக்கு அது பிடித்துப்போனது. தொலைந்துபோன தன் குட்டியைக் கண்டுபிடித்துத் தந்த சருகுமானுக்கு அன்று மதியம் அவள் விருந்து வைப்பதாக இருந்தாள். ஆனால் வீட்டில் எள் இல்லை.

"மைனாத் தம்பி! எள்ளுக்கு என்ன செய்ய?"

"வேர்க்கடலை போடுங்க அக்கா! ருசி ஒன்றுதான்!"

"யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாதே?"

"காலையில் நாற்பது பேர் தலையாட்டினார்களே, பார்க்கவில்லையா?"

பக்கத்தில் நின்ற அணில் வாலைத் தூக்கியது. "தலைதானே ஆட்டினார்கள்? தின்றார்களா?"

"உனக்கு எதற்கெடுத்தாலும் கேள்வி!" என்று மைனா பறந்துவிட்டது.

கரடி பாடிக்கொண்டே கடலையை வறுத்து இடித்தாள். "தினை, தேன், எள்!"

மதியம் சருகுமான் வந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், சாதுவானவள். வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவளுக்குத் தொண்டை வீங்கிவிடும். ஆனால் அந்தக் காட்டில், "இது எனக்கு ஆகாது" என்று விருந்தில் சொல்வது வீட்டுக்காரரை அவமதிப்பதாகும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"மணக்கிறதே அக்கா! இதில் என்னென்ன போட்டீர்கள்?"

கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. "தினை, தேன், எள்!" என்று ராகத்தோடு பாடினாள்.

சருகுமான் நிம்மதியாக ஒரு கடி கடித்தாள்.

அப்போதுதான் அணில் உள்ளே வந்தது. "எள்ளா? கடலை அல்லவா போட்டாய்?"

"எல்லாம் ஒன்றுதான், போடா!"

சருகுமான் உருண்டையைத் துப்பினாள். அதற்குள் உதடு தடித்துவிட்டது. மூச்சு விசில் அடித்தது.

சத்தம் கேட்டு மைனா வந்து வாசல் கிளையில் உட்கார்ந்தது. "கவலை வேண்டாம்! மிளகுக் கஷாயம் ஒரு மடக்கு! நேற்றுதான் பாடினேன்!"

"இன்னொரு வார்த்தை பாடினால் வாலைப் பிடுங்கிவிடுவேன்!" என்றாள் கரடி. சருகுமானை முதுகில் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடினாள். அங்கே வைத்தியம் பார்க்கும் கொக்கு இருந்தது.

"என்ன தின்றாள்?" என்றது கொக்கு.

"தினை, தேன்..." கரடியின் நாக்கில் பாட்டு தானாக ஓடியது. சட்டென்று நிறுத்தினாள். முதுகில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "வேர்க்கடலை. நான்தான் போட்டேன்."

கொக்கு உடனே ஒரு வேரை எடுத்துக் கசக்கிச் சாற்றை அவள் வாயில் பிழிந்தது. நெடுநேரம் கழித்து சருகுமானின் மூச்சு சீரானது.

"எள் என்று சொல்லியிருந்தால் வேறு வேரைத் தேடியிருப்பேன். அதற்குள் இவள் போயிருப்பாள்," என்றது கொக்கு.

"மன்னித்துவிடு தங்கச்சி. நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் கோபிப்பீர்களே அக்கா."

மறுவாரம் முயலை விருந்துக்கு அழைத்தபோது கரடி, அடுப்பு மூட்டும் முன்பே அவன் வளைக்குப் போய் நின்றாள். "உனக்கு எது ஆகாது, சொல்லு!" முயல் திகைத்து நின்றான். அந்தக் காட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை.

குறிப்புச் சொல்பவருக்கு நம் பந்தியில் உட்காருபவர் யாரென்று தெரியாது. சமைப்பவர்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும், சட்டியில் உண்மையில் போட்டதைச் சொல்லவும் வேண்டும்.