சவரி கொடுத்த சாவி

"உஸ்தாத், நானும் சவரியும் ஒரே நாள்ல பட்டாளத்துக்குப் போனோம். ஒரே நாள்ல வெளியே வந்தோம். அவன் எங்க இருக்கான், நான் எங்க இருக்கேன், பாருங்க!"

தளவாய் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தான்.

சிந்தா மதார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இவர்கள் இருவருக்கும் மின்சார வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அங்கே கற்றுக்கொடுக்கிறவரை உஸ்தாத் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

இப்போது மலையடிவாரத்தில் ஒரு காற்றாலைக் கம்பெனியின் மின்நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறார். பட்டாளத்தை விட்டு வந்தவர்கள், "அடுத்து என்ன வேலைக்குப் போக?" என்று அவரைத்தான் தேடி வருவார்கள்.

பெரிய ஞானி ஒன்றுமில்லை. அதிகம் பேசமாட்டார், அவ்வளவுதான். நம் ஊரில் அதற்கே பாதி ஞானிப் பட்டம் கொடுத்துவிடுவார்கள்.

"சவரி எங்கலே இருக்கான்?"

"தெரியாத மாதிரி கேக்கியளே! உங்க கம்பெனியிலதான். லைன் சூப்பர்வைசர். ஜீப்பு வேற. ஏறினா ஒரு சல்யூட், இறங்கினா ஒரு சல்யூட்."

"நீ?"



"ஏ.டி.எம். வாசல்ல."

பனிமலை உச்சியில் ஜெனரேட்டர் ஓட்டி, முகாம் முழுக்க விளக்கு எரியவைத்தவன். இங்கே வந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறான். வயிறு எரியாதா? எரியத்தான் செய்யும்.

"வேற வேலை ஒண்ணும் வரலையா?"

"வந்துது. பெரிய ஆஸ்பத்திரி. ஜெனரேட்டர் ஆபரேட்டர்."

"நல்ல வேலையாச்சே."

"சவரி சூப்பர்வைசர், நான் ஆபரேட்டரா?"

"சரி."

"லிஃப்ட் கம்பெனியிலயும் கூப்பிட்டான். டூல்ஸ் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு பைக்குல அலையணுமாம். எதிர்க்க சவரி ஜீப்புல வருவான். நல்லாவா இருக்கும்?"

"கரண்டு வேலைக்கு லைசென்ஸ் பரீட்சை எழுதச் சொன்னேனே?"

"சவரி முத தடவையே பாஸ் பண்ணிட்டான். நான் எழுதி ஃபெயிலாயிட்டா?"

"கப்பல் வேலை?"

தளவாய் கொஞ்சம் தயங்கினான்.

"சம்பளம் சவரியை விட ஜாஸ்திதான். ஆனா நான் நடுக்கடல்ல கிடந்தா, அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

உஸ்தாத் வாயருகே கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"மறைக்காமச் சொல்லுதேன் உஸ்தாத். அவன் ஜீப்பு எங்க தெருவுல போற சத்தம் கேட்டா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு."

மறைக்காமல் சொல்கிறேன் என்றானே தவிர, ஒன்றை மறைத்துவிட்டான். சவரி கம்பத்தில் ஏறுகிறவன். ஒருநாள் தவறி விழுந்தால் அந்த இடம் காலி. கதவுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த நினைப்பு தளவாய்க்கு வரும். முதலில் தானாக வந்தது. பிறகு அவனே கூப்பிட ஆரம்பித்தான்.

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

"காலையில இங்க வா. ஒருநாள் வேலை இருக்கு."

வந்தான்.

பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில், மின்கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்திருந்தது. அதை மாற்ற வேண்டும். ஏறப்போகிறவன் சவரி.

அந்த நிலையத்தில் உஸ்தாத் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. லைனில் யாராவது ஏறுவதாக இருந்தால், இங்கே சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை ஒருத்தன் கையில் கொடுக்க வேண்டும். அவன் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஏறினவன் திரும்பி வந்து கை நீட்டுகிற வரை சாவி வேறு கைக்குப் போகக் கூடாது.

அந்த ஒருத்தன் யார் என்பதை உஸ்தாத் சொல்லமாட்டார். ஏறுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு ஏறினால் என்ன என்று ஒருவன் முன்பு கேட்டிருக்கிறான். "பூட்டை உடைச்சிரலாம்லே. பக்கத்துல நிக்குற ஆளை உடைக்கக் கொஞ்சம் நேரமாகும்" என்றார் உஸ்தாத். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

சவரி ஜீப்பிலிருந்து குதித்தான்.

"ஏ தளவாய்! நீ எங்க இங்க!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

தளவாய் பல்லைக் காட்டினான். புது ஷூ. புது ஹெல்மெட். இடுப்பில் வெளிநாட்டு பெல்ட். கட்டிப்பிடித்த அந்த ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான், பாவி.

சவரி சுவிட்சை இறக்கினான். பூட்டினான். கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் அவனோடு தினம் வேலை பார்க்கிறவர்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

பிறகு சாவியைத் தளவாய் கையில் வைத்து அழுத்தினான்.

"வாரேன் மாப்ள."

ஜீப் போய்விட்டது. கூட நின்றவர்களும் அதிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

தளவாய்க்குக் காதில் புகை வராத குறைதான்.

"பாத்தியளா உஸ்தாத்? அவன் ஏறி வேலை பாப்பான். நான் சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இங்கயும் எனக்கு வாட்ச்மேன் உத்தியோகம்தான்! வேணும்னே செய்யுதான்."

உஸ்தாத் இன்னொரு டம்ளரில் டீ ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார். அவன் தொடவில்லை.

வெயில் ஏறினபோது காற்றும் ஏறியது. கணவாய் வழியாக ஊளையிட்டுக்கொண்டு வந்தது.

கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர், போனும் கையுமாக ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். மேலே இருக்கிறவர்கள் காலையிலிருந்து அவரைப் போட்டு வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மதார் பாய், வேலை முடிஞ்சிருச்சாம். சுவிட்சைப் போடுங்க. இவ்வளவு காத்தும் வீணாப் போகுது!"

"சாவி எங்கிட்ட இல்லை சார். அந்தா, அவன்கிட்ட."

மேனேஜர் தளவாயிடம் கை நீட்டினார்.

"சவரியே சொன்னானா சார்?"

"சவரி போனை எடுக்கலை. ஜீப்பு டிரைவர் சொன்னார். முடிஞ்ச மாதிரிதான்னு."

முடிந்த மாதிரி.

மேனேஜரின் போன் மறுபடி அலறியது. "இதோ சார், ஒரே நிமிஷம் சார்" என்று கெஞ்சிக்கொண்டே அவர் தள்ளிப் போனார்.

தளவாய் சாவியைப் பார்த்தான்.

கொடுத்துவிட்டால் என்ன? கேட்டது மேனேஜர். சொன்னது டிரைவர். நாளைக்கு யாரும் தன்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது. அநேகமாக வேலை முடிந்துதான் இருக்கும்.

முடியாமல் இருந்தால்?

முடியாமல் இருந்தால், ஒரு சூப்பர்வைசர் இடம் காலி.

இத்தனை நாள் கூப்பிட்ட நினைப்பு இன்றைக்குக் கூப்பிடாமலே வந்து எதிரே நின்றது. தளவாய்க்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சாவி கையில் வழுக்கியது.

உஸ்தாத் பக்கம் ஓடினான்.

"நீங்க வாங்கிக்கங்க உஸ்தாத்."

"எதுக்கு?"

"இது என் கையில இருக்கக் கூடாது."

"ஏன்லே?"

"அவன் விழுந்து சாகணும்னு நினைச்சவன் நான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியும்" என்றார் உஸ்தாத்.

"உங்களுக்கா? ஐயோ... சவரிக்குத் தெரிஞ்சா..."

"அவனுக்கும் தெரியும்."

தளவாய் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"பனிமலையில உங்கூட ஒரே கூடாரத்துல படுத்தவன்லே அவன். பதவி உயர்ந்து அவன் தோள்ல பட்டை ஏறின அன்னைக்கு, நீ சாப்பிடாம சுவத்தைப் பாத்துப் படுத்தியே. அதைப் பாத்தவனும் அவன்தான். தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சுமா எங்கிட்ட கொடுத்தான்?"

உஸ்தாத் ஆறிப்போன டீயை மண்ணில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மேனேஜர் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா இன்னும் யோசனை? கொண்டா சாவியை."

தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். சுவிட்ச் கைப்பிடிக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"உன்னைத்தான் கேக்கேன். உன்னை இதுக்கு முன்னாடி நான் இங்க பாத்ததே இல்லையே! கம்பெனி ஆளா நீ? கொடுக்க மாட்டேன்னு நிக்க நீ யாருய்யா?"

"எனக்குத் தெரியலை சார்" என்றான் தளவாய். "சவரி இறங்கி வரட்டும். அவன்கிட்ட கேளுங்க."