ஏரியா பார்க்கப் போன மூவர்

ஞானப்பிரகாசத்துக்கு அந்தப் பெயரை வைத்த சாமியாரைக் குறை சொல்ல முடியாது. ஞானஸ்நானத்தன்று குழந்தை வாயையே திறக்கவில்லை. வாயைத் திறக்காத வரைக்கும் எல்லாரும் அறிவாளிதானே! அவனுக்கு அடுத்தவன் சவரிமுத்து, கடைக்குட்டி இருதயராஜ். திண்டுக்கல் பக்கத்தில் ஒரே வீட்டில், ஒரு ஆளுக்கு உண்டான மூளையை மூன்று பேரும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்து வந்தார்கள்.

ஞானப்பிரகாசத்தின் மனைவி அமலோற்பவத்துக்குச் சென்னையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் அங்கே இருந்தாக வேண்டும். ஆண்கள் மூவரும் சனிக்கிழமையே போய் வீடு பிடித்து வைப்பது, அவள் ஞாயிற்றுக்கிழமை சாமானோடு லாரியில் வருவது என்று ஏற்பாடு. வேறு நாதி இருந்திருந்தால் அவள் ஏன் இதற்குச் சம்மதிக்கப் போகிறாள்?

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் அமலோற்பவம். "நம்மளுக்குக் கட்டுப்படியாகிற ஏரியாவாப் பாக்கணும். ஒரு ஏரியாவுல கால் வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எப்படின்னு கேக்கணும். அக்கம்பக்கம் எப்படின்னு விசாரிக்கணும். லாரி வந்து நிக்கும்போது வீடு இல்லேன்னா, வண்டியை அப்படியே அரக்கோணத்துக்கு விடச் சொல்லி எங்க அண்ணன் வீட்டுல சாமானை இறக்கிருவேன். அங்கேருந்து நான் ரயில்ல வேலைக்குப் போய்க்கிறேன்."

"அப்ப நாங்க?" என்றான் ஞானப்பிரகாசம்.

"பிளாட்பாரத்துல படுங்க."

"எத்தனாவது பிளாட்பாரம் மதினி?" என்று இருதயராஜ் பென்சிலை எடுத்தான்.

மற்ற இருவருக்கும் இது விளையாட்டாக இருக்கலாம். ஞானப்பிரகாசத்துக்கு அப்படி இல்லை. அமலோற்பவம் இல்லாத வீட்டில் அவன் ஒரு தடவை இரண்டு நாள் இருந்திருக்கிறான். "சோறு குக்கர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எடுத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. இரண்டு நாளும் அவன் குக்கருக்குக் காவல் இருந்தான்.

சனிக்கிழமை காலையில் மூவரும் சென்னையில் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். முதல் ஸ்டாப்பில் சவரிமுத்து இறங்கப் போனான். ஞானப்பிரகாசம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"கால் வைக்காதடா! முதல்ல தண்ணியைக் கேளு!"

சவரிமுத்து படிக்கட்டில் ஒரு காலும் அந்தரத்தில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு, வெளியே நின்றிருந்த பெரியவரிடம், "ஐயா, இங்க தண்ணி எப்படி?" என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசிலடித்தார், பஸ் கிளம்பிவிட்டது. இப்படியே பதினாலு ஸ்டாப். கடைசி ஸ்டாப்பில், "இறங்குய்யா, வண்டி ஷெட்டுக்குப் போவுது" என்றார் கண்டக்டர்.

"நீங்க தண்ணியைப் பத்திச் சொல்லுங்க, இறங்கறோம்."

"தண்ணியா? ஷெட்டுல பஸ் கழுவுற தண்ணி நிறைய இருக்கு, வர்றியா?"

மூவரும் அதைப் பற்றித் தீவிரமாக யோசித்தார்கள். தண்ணீர் இருக்கிறது, பஸ் வசதியும் இருக்கிறது. ஷெட்டில் ரூம் காலி இல்லை என்று வாட்ச்மேன் துரத்திய பிறகுதான் அந்த ஏரியாவைக் கைவிட்டார்கள். அன்றைய பொழுது அதோடு போயிற்று. ராத்தங்க ஒரு லாட்ஜ் கிடைத்தது கடவுள் செயல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களையும் மீறி ஒரு நல்ல வீடு கிடைத்துத் தொலைத்தது. புறநகரில் ஒரு மாடிப் போர்ஷன். இரண்டு அறை, வெளிச்சமான சமையல்கட்டு, கைக்கு அடக்கமான வாடகை. வீட்டுக்கார அம்மாளே, "தண்ணிக்குக் கஷ்டமில்லப்பா" என்று தானாகச் சொன்னாள். "இப்பவே சொல்லிடுங்க. பதினோரு மணிக்கு வேற ஒருத்தர் பாக்க வர்றார்."

"அக்கம்பக்கம் மட்டும் ஒரு எட்டு விசாரிச்சுட்டு வந்துர்றோம்," என்றான் ஞானப்பிரகாசம்.

பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். தங்கமான மனுஷன், காப்பிகூடக் கொடுத்தார். வெளியே வந்ததும் சவரிமுத்து நின்றான்.

"அண்ணே, வாத்தியார் நல்லவருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தோமேடா."

"நாம பாத்தது போதுமா? அவரோட பக்கத்து வீட்டுல கேக்க வேண்டாமா?"

நியாயம்தான் என்று பட்டது ஞானப்பிரகாசத்துக்கு. அடுத்த வீட்டில் கேட்டார்கள். அங்கேயிருந்த பெண் வாத்தியாரைப் புகழ்ந்தாள்.

"சரி, இந்தம்மா பேச்சை நம்பலாமா?" என்றான் இருதயராஜ்.

அதற்கு அடுத்த வீட்டில் கேட்டார்கள். இப்படி ஒருவருக்கு ஒருவர் ஜாமீனாக முப்பத்தொரு வீடு. தெரு முடிந்து, இன்னொரு தெரு முடிந்து, வேறொரு ஏரியாவே வந்துவிட்டது. முப்பத்திரண்டாவது வீட்டில் ஆள் இல்லை, ஒரு நாய் மட்டும் இருந்தது. அதனிடம் கேட்க முடியாததால் முப்பத்தொன்றாம் வீட்டுக்காரர் சந்தேகத்துக்குரியவரானார். அவர் சந்தேகம் என்றால் முப்பதாம் வீட்டுக்காரர் என்ன யோக்கியம்? வாத்தியார் வரைக்கும் மளமளவென்று சரிந்துவிட்டது.

"பழிபாவத்துக்கு அஞ்சாத தெருவுடா," என்றான் ஞானப்பிரகாசம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது பதினோரு மணிக்காரர் ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் உட்கார்ந்து மூவரும் பெருமூச்சு விட்டார்கள். கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இதுக்கெல்லாம் ஒரே வழிதான் சார். உங்கள மாதிரிக் குடும்பம் எங்க குடி போவுதுன்னு பாருங்க. அங்கயே நீங்களும் போயிடுங்க. அவங்களுக்குக் கட்டுப்படியாச்சுன்னா உங்களுக்கும் ஆவும்."

ஞானப்பிரகாசத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் டீ ஆற்றுகிறார்?

உடனே ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார்கள்.

"எங்க சார் போவணும்?"

"சாமான் ஏத்தின லாரி எது போகுதோ, அது பின்னாடி."

ஆட்டோக்காரர் திரும்பி மூன்று முகங்களையும் பார்த்தார். "போலீஸா சார்?"

"இல்லப்பா. வீடு பாக்கறோம்."

"நான் இருவது வருஷமா ஆட்டோ ஓட்றேன் சார்," என்றார் அவர், யாருக்கோ சொல்வது போல. பிறகு மீட்டரைப் போட்டார்.

முதல் லாரியில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் ஏசி மெஷினும் இருந்தன. "நம்ம தகுதிக்கு மேல. விட்டுரு," என்றான் ஞானப்பிரகாசம். அடுத்து ஒரு வேனில் நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலியும் ஆள் உயர அண்டாக்களும் போயின. "பெரிய குடும்பம், ஆனா எளிமையா இருக்காங்க," என்றான் சவரிமுத்து. அந்த வேன் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது. இவர்களும் நுழைந்து, ஹால் விசாலமாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாடகை கேட்டார்கள். ஒரு நாளைக்கு அறுபதாயிரம் என்றார் மேனேஜர்.

"சாப்பாடு போடறாங்கல்ல, அதான்," என்றான் இருதயராஜ்.

மண்டப வாசலில் நிற்கும்போது ஞானப்பிரகாசத்தின் போன் அடித்தது. அமலோற்பவம்.

"தாம்பரம் தாண்டியாச்சு. வீடு முடிஞ்சுதா இல்லையா?"

"முடியப் போகுது அமலு."

"டிரைவர் வழி கேக்கறாரு. லொகேஷன் போடுங்க."

போன் விஷயத்தில் இருதயராஜ் கெட்டிக்காரன். "அண்ணே, நாம போற இடமெல்லாம் கூடவே நகர்ற லொகேஷன் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுருவோம். நாம எந்த ஏரியாவுல முடிச்சாலும் மதினி நேரா அங்க வந்துரும்." போட்டுவிட்டான். மூவரும் மறுபடி ஆட்டோவில் ஏறினார்கள்.

முக்கால் மணி நேரம் அலைந்திருப்பார்கள். ஒரு பெரிய ரவுண்டானாவில் எதிர்ப்பக்கம் அந்த லாரி வந்தது. சவரிமுத்து ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து தலையை இடித்துக்கொண்டான்.

"அண்ணே! நம்ம பீரோ மாதிரியே பச்சை பீரோ!"

"நம்மள மாதிரிக் குடும்பம்னா பீரோவும் நம்ம பீரோ மாதிரிதான்டா இருக்கும்," என்றான் ஞானப்பிரகாசம். ஆனால் அவன் நெஞ்சும் அடித்துக்கொண்டது. "தம்பி, அந்த வண்டியை விடாத!"

ஆட்டோ வளைந்து லாரிக்குப் பின்னால் சேர்ந்தது.

"கட்டில்ல ஒரு கால் செங்கல் வச்சுக் கட்டியிருக்கு. நம்ம கட்டில் மாதிரி," என்றான் இருதயராஜ். "கிரைண்டரை மதினியோட ஊதாச் சேலை மாதிரி ஒண்ணுல சுத்தியிருக்கு."

"பீரோ கதவுல ஏதோ எழுதியிருக்குண்ணே," என்று சவரிமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். "'ஞானப்பிரகாசம் – அமலோற்பவம் திருமண அன்பளிப்பு'. ஐயோ, பேர்கூட ஒத்துப் போகுதே!"

ஞானப்பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய ஊரில் தனக்கு இவ்வளவு பொருத்தமாக ஒரு குடும்பம்! இவர்களுக்குக் கட்டுப்படியாகிற ஏரியா தனக்குக் கட்டுப்படியாகாமல் போகுமா?

லாரி ரவுண்டானாவைச் சுற்றியது. ஆட்டோவும் சுற்றியது. லாரி மறுபடி சுற்றியது. முன்பக்கம் ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் கை வெளியே நீண்டு, பின்னால், பின்னால் என்று டிரைவருக்குக் காட்டி ஆவேசமாக ஆடியது.

"புருஷனைத் திட்டுது போல," என்றான் சவரிமுத்து.

"பாவம், எந்தப் புண்ணியவானோ," என்றான் ஞானப்பிரகாசம். அவனுடைய போன் அப்போதும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது சுற்றில் எடுத்தான்.

"எங்கதான் இருக்கீங்க? போன்ல உங்க புள்ளி எங்க முதுகுலயே ஒட்டிக்கிட்டு வருது, வண்டியைத் திருப்பினா அதுவும் திரும்புது!"

"அமலு, கவலையை விடு! ஏரியா கிடைச்சாச்சு. அச்சு அசலா நம்மள மாதிரியே ஒரு குடும்பம், பச்சை பீரோ. அவங்க லாரி பின்னாடிதான் போறோம். அவங்க எங்க இறங்கறாங்களோ, அதுக்குப் பக்கத்து வீடு நமக்கு."

அந்தப் பக்கம் போன் கட்டாயிற்று. முன்னால் லாரி ஓரம் கட்டி நின்றது. கதவு திறந்தது. அமலோற்பவம் இறங்கி ஆட்டோவை நோக்கி நடந்து வந்தாள்.

ஞானப்பிரகாசத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாடா உங்க மதினி சாமர்த்தியத்தை? நமக்கு முன்னாடியே அந்தக் குடும்பத்தோட சிநேகம் பிடிச்சு, அவங்க லாரியிலயே ஏறி வந்துட்டா!" என்றான். அவள் கிட்டே வந்ததும் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அமலு, அவங்க எவ்வளவு வாடகை குடுக்கறாங்களாம்?"

அமலோற்பவம் அவனைப் பார்த்தாள். தம்பிகளைப் பார்த்தாள். விடுவிடுவென்று திரும்பிப் போய் லாரியில் ஏறினாள். டிரைவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். லாரி அரக்கோணம் போர்டு காட்டிய பக்கம் வேகமெடுத்தது.

"இப்ப இன்னா சார் பண்றது?" என்றார் ஆட்டோக்காரர்.

"பின்னாடியே போப்பா," என்றான் ஞானப்பிரகாசம், நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு. "வாடகை எவ்வளவுன்னு அவங்ககிட்டக் கேக்கத்தான் ஏறியிருக்கா."