உடைப்பில் படுத்த சக்கரவர்த்தி

அந்த வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு வேடம் போட்டுக் கதை வளர்ப்பார்கள். அட்மின் இளம்பரிதிதான் சக்கரவர்த்தி. யார் வாள் வீசினாலும், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றே எழுதுவார். சலித்துப்போய் ஆட்கள் ஒவ்வொருவராக எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

பழி, பல்லக்குத் தூக்கியாக நடித்த ஜெயசுதா மேல் விழுந்தது. "இன்னைக்குள்ள குழு களைகட்டணும். ஆனா என்மேல யாரும் கை ஓங்கக் கூடாது. இல்லேன்னா உன்னை நீக்கிடுவேன்" என்று மிரட்டினார் இளம்பரிதி.

அவள் எழுதினாள்: "ஏரிக்கரை உடைந்துவிட்டது! எதுவும் ஆகாத உடம்பு மன்னருக்குத்தான். மரியாதையாகக் கூட்டிப்போய் உடைப்பில் படுக்க வைத்துவிட்டோம்."

குழு துள்ளி எழுந்தது. தளபதி மண் கொட்டினார். மகாராணி மணல்மூட்டை அடுக்கினாள். யாரோ அவர்மேல் நண்டு விட்டார்கள்.

சக்கரவர்த்தி அலறினார்: "ஐயோ, இடுப்பு போச்சு! தூக்குங்கப்பா!"

"அப்பாடா, மன்னருக்கு வலிக்குது!" என்றாள் ஜெயசுதா. "பல்லக்கைக் கொண்டு வாங்க. இனிமேதான் கதை!"