முதலாளி அடிக்காத சூடம்

மலைக்கென்று புதிதாக ஒரு பேரவை வந்து, முதல் தேர்தலும் அறிவித்தாயிற்று. அன்றைக்கே எஸ்டேட் முதலாளி தணிகாசலத்துக்குத் தலைவர் நடை வந்துவிட்டது. தேயிலை பறிக்கிறவர்களை மாரியம்மன் கோயிலில் கூட்டினார்.

"ஓட்டு எனக்குத்தான்னு ஒவ்வொருத்தரும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணணும். பண்ணாத ஆளுக்கு நாளையில இருந்து எஸ்டேட்ல இடமில்லை!" என்று உறுமினார்.

கோயில் பெருக்கும் வெள்ளத்தாயி எரிகிற சூடத்தட்டை அவரிடமே நீட்டினாள்.

"எப்பவும் முதல் மரியாதை உங்களுக்குத்தானே மொதலாளி! ஜெயிச்சா ஆஸ்பத்திரி கட்டுவேன்னு சொன்னீங்களே, அதுக்கு நீங்க முதல்ல அடிங்க. அடுத்து நாங்க."

தணிகாசலத்தின் கை பாதியிலேயே நின்றது. பொய்ச் சத்தியம் பண்ணினால் அம்மன் கண்ணைப் பிடுங்கிவிடுவாளே! சூடம் தானாக எரிந்து அணைந்தது.

வெள்ளத்தாயி தட்டைத் துடைத்தாள்.

"சத்தியம் பண்ணாத ஆளுக்கு இடமில்லைன்னீங்க. எப்ப மொதலாளி கிளம்புறீங்க?"