சடையனின் பெரிய கேமரா

பன்னீர்ப்பாறைக் காட்டில் ஒரே ஒரு குளம். கோடை வந்தால் அதிலும் பாதித் தண்ணீர்தான் மிஞ்சும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா விலங்குகளும் குளக்கரையில் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும். படத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கோடையில் தண்ணீர்! பக்கத்துக் காட்டிலிருந்து நைசாக வந்து குடிப்பவர்களைத் தடுக்க வேறு வழி?

படம் எடுப்பது கருமந்தி சடையன். கெட்டிக்காரன்தான், பெருமைதான் கொஞ்சம் ஜாஸ்தி. இந்த வருடம் இரண்டு பலாப்பழம் கொடுத்து, மைனாவின் கடையில் பழையதைவிடப் பெரிய, புத்தம் புது 'ஃபுல் ஃபிரேம்' கேமரா வாங்கினான். லென்ஸ் மட்டும் வாங்கவில்லை.

"என் பழைய லென்ஸே போதும். பாரு!" என்று திருகினான். 'டக்' என்று உட்கார்ந்துகொண்டது.

"அண்ணே, லென்ஸ் மாட்டுற வாய் ரெண்டுக்கும் ஒண்ணுதான், மாட்டும்" என்றது மைனா. "ஆனா அது உங்க சின்ன கேமராவுக்குச் செஞ்ச லென்ஸ். வெளிச்சத்தைச் சின்ன வட்டமாத்தான் விடும். இந்தப் பெரிய கேமராவுல நாலு மூலையும் இருட்டடிக்கும். ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டுப் போங்க!"

"எனக்கே பாடமா? மாட்டிக்கிச்சு இல்ல, அப்புறம் என்ன!" சடையன் கிளம்பிவிட்டான்.

குளக்கரையில் ஒரே கூட்டம். நடுவில் யானை. சடையன் ஆளுக்கு ஆள் இடம் சொன்னான். கீழே ஒரு ஓரத்தில் ஆமை, மறு ஓரத்தில் முயல் குடும்பம். மேலே ஒரு கிளை நுனியில் அணில்கள். இன்னொரு கிளை நுனியில் அவன் மனைவி பூவாயி, இடுப்பில் கைக்குழந்தை.

சடையன் கேமராவுக்குள் பார்த்தான். யானையின் தந்தம் பளபளவென்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூலையை யார் பார்த்தார்கள்? 'கிளிக்!'

யானை வந்து கேமராவின் திரையில் ஒவ்வொருவராக எண்ணியது. அதன் முகம் மாறியது.

"ஆமை எங்கே? முயலுங்க எங்கே? மூலையெல்லாம் கரியா இருக்கே!"

சடையனுக்கு மைனா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கேமரா புதுசு, பெரியவரே! அதுல குறையே கிடையாது. இவங்கதான் தள்ளி நின்னுட்டாங்க!"

"அய்யோ, நீ சொன்ன இடத்துலதானே நின்னோம்!" என்று முயல் அழுதது.

"தப்பு நின்னவங்க மேலயா, கேமரா மேலயா? யோசிச்சுச் சொல்லு" என்றது யானை. "நின்னவங்க மேலன்னா மறுபடம் கிடையாது. தண்ணியும் கிடையாது."

"நின்னவங்க மேலதான்!" என்றான் சடையன்.

அப்போது கிளை நுனியிலிருந்து பூவாயி இறங்கி வந்தாள். திரையைப் பார்த்தாள். அவள் நின்ற மூலையும் கரி.

"ஏங்க, நீங்க சொன்ன இடத்துலதானே நானும் நின்னேன்! இனி நம்ம பிள்ளைக்கும் தண்ணி இல்லையா?" என்று கேட்டாள்.

சடையன் குழந்தையைப் பார்த்தான். அது பசியில் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. முயல் அழுதபோது இது ஏன் உறைக்கவில்லை என்று நினைத்ததும் அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என் மேலதான்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "லென்ஸ் சின்னது. மைனா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு, நான்தான் கேக்கல. முயலண்ணே, மன்னிச்சுடு!"

"சரி, இன்னொரு படம் எடு" என்றது யானை.

சடையன் இந்தத் தடவை மூலைகளைத்தான் முதலில் பார்த்தான். எல்லோரையும் நெருக்கி நிற்கவைத்தான். பின்னால் பின்னால் நடந்து, எல்லோரும் வெளிச்ச வட்டத்துக்குள் வந்த பிறகே 'கிளிக்' செய்தான்.

யானை திரையைப் பார்த்துத் திகைத்தது. "என்னப்பா, நான் பெருச்சாளி அளவு இருக்கேன்!"

"இருக்கட்டும் பெரியவரே, எல்லாரும் இருக்கோம்!" என்றது ஆமை. முயல்கள் குதித்தன.

பூவாயி மட்டும் சடையனின் காதோரம் சொன்னாள்: "இம்புட்டுப் பெரிய கேமரா வாங்கி, இம்புட்டூண்டு படம்! இதுக்கா ரெண்டு பலாப்பழம்?"

மறுநாள் விடிந்ததும், சடையன் மூன்றாவது பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு லென்ஸ் வாங்க மைனாவின் கடைக்கு நடந்தான்.

பொருள் மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, வேலைக்கு ஆகுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். தவறிவிட்டால் பழியை ஓரத்தில் நிற்பவர்கள் தலையில் போடக் கூடாது.