ரத்த அழுத்தம் விழுந்த அன்று

அரசு மருத்துவமனை ஒன்றில் மயக்க மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நஸ்ரின், ஆபரேஷன் முடிந்த கையோடு தன் ஆசிரியை திலகராணியின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு அவள்தான் ரத்தக்குழாய் வழியாகத் தூக்க மருந்து ஏற்றினாள். ஏற்றியதுமே ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. நஸ்ரின் சலைனை வேகமாக விட்டாள், அழுத்தத்தைத் தூக்கும் ஊசியைப் போட்டாள். ஒருவழியாக நிலைக்கு வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சர்ஜன், மருந்து கொடுக்கத் தெரியாதவர்களையெல்லாம் எதற்கு உள்ளே விடுகிறார்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"எடைக்குத் தகுந்த அளவுதான் மேடம். மெதுவாத்தான் கொடுத்தேன். இதுல என் தப்பு என்ன?"

திலகராணி வா என்று எழுந்து வார்டுக்கு நடந்தார். நஸ்ரினும் பின்னாலேயே போனாள்.

பேச்சியம்மாள் விழித்திருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. திலகராணி பஞ்சை நனைத்து அதைத் துடைத்துவிட்டு, கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது என்று கேட்டார்.

"நேத்து ராத்திரி சாப்பாட்டோட சரிம்மா. காலையில ஆபரேஷன்னாங்க, பெறவு சாயங்காலம்னாங்க. தண்ணி கேட்டேன். கூடாதுன்னுட்டாங்க."

வெளியே வந்ததும் நஸ்ரினுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அப்படி வறண்டு கிடந்த உடம்பில் அந்த மருந்து இறங்கினால் அழுத்தம் விழாமல் என்ன செய்யும்? நேரத்தைத் தள்ளிப்போட்டவர் சர்ஜன். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம், வார்டில் கொடுக்கவில்லை. ஒரு சலைன் பாட்டில் மாட்டவும் ஆளில்லை. பழி மட்டும் அவள் தலையில்.

அவள் கொட்டித் தீர்க்கும்வரை திலகராணி காத்திருந்தார். சர்ஜன் பேசியது தவறு, அதை அவரிடமே கேட்கப்போகிறேன் என்றார். வார்டிலும் இனி இப்படி யாரையும் காயப்போட விடமாட்டேன் என்றார். அவர் குரலிலும் கோபம் இருந்தது.

"அப்புறம் என்னை எதுக்கு மேடம் இங்க கூட்டிட்டு வந்தீங்க? அத்தனை பேர்ல ஒருத்தரும் அந்தம்மாகிட்ட தண்ணி குடிச்சீங்களான்னு கேக்கல. நான் மட்டும் ஏன் கேட்டிருக்கணும்?"

திலகராணி நின்று அவளைப் பார்த்தார்.

"கண்ணு மூடுறதுக்கு முன்னாடி அந்தம்மா கடைசியா பாத்தது யார் முகத்தை, நஸ்ரின்?"